ஃபெல் ஹவுண்ட்: ஏரி மாவட்டத்து மலைநாயைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில், அடுப்புக்கு முன்னால் கால்களை நீட்டிப் படுத்திருக்கும் ஒரு வெள்ளை நாயின் புகைப்படம் மாட்டியிருக்கிறது. இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள கம்பிரியாவில் 1997 முதல் 2009 வரை நான் செவிலியராக வேலை பார்த்தபோது, பக்கத்துப் பண்ணை வீட்டில் எடுத்த படம் அது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது என்ன ஜாதி நாய்? ஃபெல் ஹவுண்ட் என்றால் என்ன அர்த்தம்?

கம்பிரியாவின் நடுவில் உள்ள ஏரி மாவட்டத்தில் மரமில்லாத உயர்ந்த மேய்ச்சல் மலைகளை 'ஃபெல்' என்பார்கள். அந்த மலைகளில் நரியை மோப்பம் பிடித்துத் துரத்துவதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட வேட்டைநாய்தான் ஃபெல் ஹவுண்ட். பிளென்காத்ரா, அல்ஸ்வாட்டர், கோனிஸ்டன், மெல்பிரேக், எஸ்க்டேல் அண்ட் எனர்டேல், லூன்ஸ்டேல் என்று ஆறு நாய்க்கூட்டங்கள் அந்த மலைகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிக் கொட்டிலும், நாய்களை நடத்துகிற ஒரு தலைமை வேட்டைக்காரரும் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் அவரை 'ஹண்ட்ஸ்மன்' என்பார்கள்.

ஃபாக்ஸ்ஹவுண்ட் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதுவும் இதுவும் ஒன்றுதானே?

உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. சமவெளி இங்கிலாந்தின் ஃபாக்ஸ்ஹவுண்ட் கனத்த எலும்பும் அகன்ற மார்பும் கொண்டது. குதிரைகளுக்கு முன்னால் வயல்களையும் வேலிகளையும் தாண்டி வேகமாக ஓடுவதற்காக உருவாக்கப்பட்டது. அதன் பாதம் பூனையின் பாதத்தைப் போல உருண்டு, விரல்கள் நெருங்கி இருக்க வேண்டும் என்பது பீட்டர்பரோவில் 1878 முதல் நடந்துவரும் நாய்க் கண்காட்சியின் நடுவர்கள் நெடுங்காலம் போற்றிய அழகு. ஃபெல் ஹவுண்டின் பாதமோ முயலின் பாதத்தைப் போல நீண்டது. ஈரப் பாறையில் விரல்களை விரித்துப் பற்றிக்கொள்ள அந்த நீளம் வேண்டும்.

உடலிலும் ஃபெல் ஹவுண்ட் மெலிந்தது. தோள் சாய்வாகவும் எலும்பு இலேசாகவும் இருப்பதால், செங்குத்தான சரிவில் இறங்கும்போது முன்னங்கால்கள் அதிர்ச்சியைத் தாங்கும். நிறத்திலும் ஒரு காரணம் உண்டு. வெள்ளையும் வெளிர் மஞ்சளும் கலந்த நாய்களைப் பலரும் விரும்பியது, பழுப்பு நிற மலைச்சரிவில் ஒரு மைல் தொலைவிலிருந்தும் நாய் எங்கே ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

அப்படியானால் நம் சிப்பிப்பாறை, கன்னி மாதிரி என்று சொல்லலாமா?

மெலிந்த உடலைப் பார்த்து அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு ஓடிப் பிடிக்கும் நாய்கள். இரை மறைந்தால் அவற்றின் ஓட்டம் பெரும்பாலும் முடிந்துவிடும். ஃபெல் ஹவுண்ட் இரையைப் பார்க்காமலே, மூக்கை மட்டும் நம்பி, மணிக்கணக்கில் வாடையைத் தொடர்கிற நாய். ஓடும்போது குரல் கொடுத்துக்கொண்டே ஓடுவதும் முக்கியமான வேறுபாடு. அந்தக் குரல் இல்லாவிட்டால் மலையில் நாயைப் பின்தொடர யாராலும் முடியாது.

அவர்கள் சொல்லும் நரி நம் ஊர் நரிதானா? நாய் வைத்து விரட்டும் அளவுக்கு அது என்ன செய்துவிடும்?

நாம் 'நரி' என்று பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் கூட்டமாக ஊளையிடும் பொன்னரியை. இங்கிலாந்தில் இருப்பது செந்நரி. செம்பட்டை மயிரும் வெள்ளை வால்நுனியும் உள்ள, தனியாக இரை தேடும் பிராணி. ஏரி மாவட்டத்து மலைகளில் ஹெர்ட்விக் என்னும் சாம்பல் நிறச் செம்மறிகள் மேய்கின்றன. அவை ஏப்ரலிலும் மே மாதத்திலும் குட்டி போடும்போது, ஒரு நரி பழகிவிட்டால் இரவுக்கு ஒன்றாகக் குட்டிகளைத் தூக்கும். அப்படி நடந்த பண்ணையிலிருந்து ஹண்ட்ஸ்மனுக்கு அழைப்பு போகும்; மறுநாள் விடியும் முன்பே நாய்கள் வந்து நிற்கும்.

நரியைப் பகையாகக் கருதுவது அங்கே புதிதல்ல. 1566ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நரித்தலைக்குப் பன்னிரண்டு பென்ஸ் பரிசு கொடுக்கும்படி ஊர்த் தேவாலய நிர்வாகிகளுக்கே ஆணையிட்டது. அதே சமயம், நரியால் இறக்கும் குட்டிகளின் கணக்கை மிகைப்படுத்துவதும் சரியல்ல. அரசு அமைத்த பர்ன்ஸ் விசாரணைக் குழு 2000ஆம் ஆண்டில் தந்த அறிக்கை, நன்றாகப் பிழைத்திருக்கக்கூடிய குட்டிகளில் 2 சதவீதத்துக்கும் குறைவானவற்றையே நரிகள் கொல்கின்றன என்றது. நாடு முழுவதுக்குமான அந்தச் சராசரி, ஒரே வாரத்தில் எட்டுக் குட்டிகளை இழந்த மேய்ப்பருக்கு ஆறுதலாக இருக்காது என்பதும் உண்மை.

சிவப்புக் கோட்டு, குதிரை, எக்காளம் எல்லாம் இருந்ததா?

குதிரை இல்லை. அந்தச் சரிவுகளில் குதிரை ஏறாது. எல்லோரும் நடந்தே போனார்கள். ஹண்ட்ஸ்மன் ஆணி அடித்த பூட்சு அணிந்து, கையில் தடியும் இடுப்பில் சிறு ஊதுகொம்பும் வைத்துக்கொண்டு முன்னால் போவார். பின்னால் வருகிறவர்கள் மேய்ப்பர்கள், சிலேட்டுக் கல் உடைப்பவர்கள், தபால்காரர், பள்ளிக்குப் போகாத பிள்ளைகள். கோட்டின் நிறம் கூட்டத்துக்குக் கூட்டம் வேறுபட்டது. சாம்பல் நிறமும் உண்டு.

நரிவேட்டை என்றதும் பணக்காரர் விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் இந்த மலை வேட்டையைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இதை நடத்திய செலவு சந்தா, சீட்டுக்கட்டு ஆட்டம், கிராமக் கூடங்களில் நடந்த நடன இரவுகள் ஆகியவற்றில் திரட்டிய பணத்தில் நடந்தது.

வேட்டை நாள் எப்படி இருக்கும்? நீங்கள் போயிருக்கிறீர்களா?

விடுப்பு கிடைத்த நாட்களில் பக்கத்துப் பண்ணைக்காரரோடு ஏழெட்டு முறை போயிருக்கிறேன். காலையில் பள்ளத்தாக்கின் அடியில் நாய்களை அவிழ்த்துவிடுவார்கள். நரி இரவெல்லாம் இரை தேடி அலைந்துவிட்டு விடியற்காலையில் மலைமேல் ஏறிப் படுத்திருக்கும். அது நடந்துபோன பழைய வாடைக்கு 'டிராக்' என்று பெயர். நாய்கள் விசிறிபோல் பரவி, மூக்கைத் தரையில் வைத்து அந்த வாடையைத் தேடும். முதலில் ஒரே ஒரு நாய் வாலை அசைக்கத் தொடங்கும், குரல் வராது. பிறகு தயக்கத்தோடு ஒரு முறை குரைக்கும். அனுபவமுள்ள நாய் குரைத்தால் மற்றவை உடனே ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளும். பொடி நாய் குரைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த மதிப்பு நாய்களுக்குள்ளேயே தீர்மானமாகும் விஷயம்.

பழைய வாடை மெல்ல மெல்ல மேலே இழுத்துக்கொண்டு போகும். பாறை விளிம்பு ஒன்றில் வெயில் காய்ந்துகொண்டிருந்த நரி எழுந்து ஓடிய கணத்தில் மொத்தக் கூட்டத்தின் குரலும் மாறிவிடும். நான் முதல் முறை கேட்டபோது, பிளென்காத்ரா மலையின் பாறைச் சுவர்களில் மோதித் திரும்பிய எதிரொலியால் நாய்கள் எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியவில்லை. என் அருகில் தடியூன்றி நின்ற முதியவர் கண்ணை மூடிக்கொண்டு, எந்த நாய் முன்னால் போகிறது, எது வாடையைத் தவறவிட்டது, எது திரும்பக் கண்டுபிடித்தது என்று பெயர் சொல்லிச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த மலையில் வேட்டை என்பது பெரும்பாலும் காதால் அனுபவிப்பது. பின்தொடர்ந்து ஓடுகிறவர்களைவிட முகட்டில் அசையாமல் நின்று கேட்பவர்களே அதிகம்.

நரி மலையைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விட்டால் ஹண்ட்ஸ்மன் நாலைந்து மைல் பின்தங்கிவிடுவார். அந்த நேரத்தில் முடிவெடுப்பது முழுக்க நாய்கள்தாம். சமவெளி வேட்டையில் நாய் வாடையைத் தவறவிட்டால் ஹண்ட்ஸ்மன் வந்து உதவுவார். ஃபெல் ஹவுண்டுக்கு அந்த உதவி கிடைக்காது என்பதால், தானே வட்டமிட்டுத் தானே கண்டுபிடிக்கும் நாய்தான் இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. சில நரிகள் ஓட்டத்திலேயே பிடிபடும், பல தப்பிவிடும். சில 'போரன்' எனப்படும் பாறைக் குவியலுக்குள் புகுந்துகொள்ளும். அப்போது சிறிய டெரியர் நாய்களை உள்ளே விடுவார்கள். பார்டர் டெரியரும் லேக்லாந்து டெரியரும் இந்த வகை வேலைக்காக வளர்க்கப்பட்டவையே.

இருட்டிய பிறகு மலையில் தனியாக மாட்டிக்கொண்ட நாய் என்ன ஆகும்?

பெரும்பாலான நாய்கள் தாமே திரும்பிவிடும். கொட்டிலுக்குப் போக முடியாவிட்டால், வெளிச்சம் தெரிகிற ஏதாவது ஒரு பண்ணை வீட்டு வாசலில் போய்ப் படுக்கும். கதவைத் திறந்தவர் அதற்குச் சாப்பாடு போட்டு, வைக்கோலில் படுக்க வைத்து, கொட்டிலுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்வார். எந்தப் பள்ளத்தாக்கிலும் இதைக் கடமை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. செய்யாமல் இருந்த வீட்டைப் பற்றியும் கேட்டதில்லை.

பாறையில் சிக்கிக்கொள்வது வேறு. நரியைத் தொடர்ந்து குறுகிய விளிம்பில் இறங்கிவிட்டு, மேலேயும் கீழேயும் போக முடியாமல் நின்றுவிடும் நாய்களை மீட்க, இடுப்பில் கயிறு கட்டி ஆளை இறக்குவார்கள். இரவு முழுவதும் அந்த நாய் நின்ற இடத்திலேயே குரைத்துக்கொண்டிருக்கும். சில நாய்களை மீட்க முடியாமல் போனதும் உண்டு.

கோடைக்காலத்தில் நாய்களுக்கு வேலை இல்லையே, அப்போது எங்கே இருக்கும்?

இந்தக் கேள்விக்கான பதிலில்தான் புகைப்படத்து நாய் வருகிறது. வேட்டைக்காலம் அக்டோபரில் தொடங்கி மே மாதத்தின் நடுவில் முடியும். அதன் பிறகு கொட்டில் ஏறக்குறைய காலியாகிவிடும். ஒவ்வொரு நாயும் தனக்கென்று உள்ள பண்ணை வீட்டுக்குப் போய் அங்கே கோடையைக் கழிக்கும். இதற்கு 'வாக்' என்று பெயர். குட்டியாக இருந்தபோது எந்த வீட்டில் வளர்ந்ததோ, பெரும்பாலும் அதே வீட்டுக்குத்தான் ஒவ்வோர் ஆண்டும் போகும். கூட்டத்தின் உடைமையாக இருந்தாலும், அந்த நாயைப் பள்ளத்தாக்கு முழுவதும் 'இன்னார் வீட்டு நாய்' என்றே சொல்வார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தது டெய்ன்ட்டி. வண்டி பள்ளத்தாக்கின் முனையில் திரும்பும்போதே அது எழுந்து நின்று சிணுங்கத் தொடங்கும் என்று ஹண்ட்ஸ்மன் சொல்வார். இறங்கியதும் யாரையும் பார்க்காமல் நேராகச் சமையலறைக்குப் போய், அடுப்புக்கு முன்னால் போன ஆண்டு படுத்த அதே இடத்தில் படுத்துவிடும். அதன் பாதத்தை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். விரல்கள் என் சுண்டுவிரலின் பாதி நீளம் இருக்கும். உள்ளங்கால் தோல் தேய்ந்த செருப்பைப் போல் கடினமாக இருந்தது. ஒரு நகம் பாறையில் பிய்ந்து, வளையாமல் குட்டையாக வளர்ந்திருந்தது.

ஒரு ஜனவரி இரவில், வேட்டையிலிருந்து வழிதவறி, கொட்டிலுக்குப் போகாமல் அந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தது. விரலிடுக்குகளில் பனி உருண்டைகளாக உறைந்திருந்தது. பண்ணைக்காரரின் மனைவி வெதுவெதுப்பான நீரில் ஒவ்வொரு பாதமாக வைத்துக் கரைத்தார். ஓட்ஸ் கஞ்சி இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுத் தூங்கியபோதும் அதன் நான்கு கால்களும் ஓடிக்கொண்டே இருந்தன. புகைப்படம் அடுத்த நாள் காலையில் எடுத்தது.

ஜான் பீல் என்று ஒரு பாட்டு உண்டே, அவர் இந்த நாய்களை வளர்த்தவரா?

ஜான் பீல் உண்மையில் வாழ்ந்தவர். ஏரி மாவட்டத்தின் வடக்கே கால்ட்பெக் பகுதியில் நாய்க்கூட்டம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்து, 1854இல் இறந்தார். அவருடைய நண்பர் ஜான் உட்காக் கிரேவ்ஸ் எழுதிய பாட்டு உலகமெங்கும் பரவியதால், அவருடைய நாய்களான ரூபி, ரேன்ட்டர், ரிங்வுட், பெல்மன், ட்ரூ ஆகியவற்றின் பெயர்களும் நிலைத்துவிட்டன. கால்ட்பெக் தேவாலயத்து மயானத்தில் உள்ள அவருடைய கல்லில் ஊதுகொம்பு செதுக்கப்பட்டிருக்கிறது. பாட்டில் வரும் சாம்பல் நிறக் கோட்டு, சாயம் போடாத உள்ளூர்க் கம்பளியில் நெய்தது.

மேலே குதிரை இல்லை என்று சொன்னதற்கு இவர் ஒரு விலக்கு. வடக்கே நிலம் தாழ்வாக இருப்பதால் அவர் குதிரையிலும் போனார். பிளென்காத்ரா கூட்டம் தன் நாய்களின் வழியை அவருடைய நாய்களிலிருந்து தொடங்கிச் சொல்கிறது. ஆனால் மலைப்பள்ளத்தாக்குகளில் நான் அதிகம் கேட்ட பெயர் ஜோ போமன். 1879இல் அல்ஸ்வாட்டர் கூட்டத்தின் ஹண்ட்ஸ்மன் ஆனவர். இடையில் விலகியிருந்த காலம் போக, 1920கள் வரை அந்த மலைகளில் நடந்தவர். அவரை ஊரே 'ஹண்ட்டி' என்று செல்லமாக அழைத்தது.

மார்டேல் என்ற மூழ்கிய ஊருக்கும் இந்த வேட்டைக்கும் என்ன தொடர்பு?

மான்செஸ்டர் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுபோக ஹாஸ்வாட்டர் ஏரியில் 1929இல் அணை கட்டத் தொடங்கினார்கள். 1930களில் மார்டேல் கிராமம் நீருக்குள் போனது. அங்கே டன் புல் என்ற விடுதியில் ஆண்டுதோறும் நவம்பரில் மேய்ப்பர் கூடுகை நடக்கும். வழிதவறி வேறு மந்தையில் கலந்த ஆடுகளை, காதில் வெட்டிய அடையாளத்தையும் கம்பளியில் இட்ட சாயக்குறியையும் பார்த்து உரியவரிடம் ஒப்படைப்பதுதான் அதன் நோக்கம். அந்த நாளில் நாய்களும் வரும். பகலில் வேட்டை, இரவில் பாட்டு. ஊர் மூழ்கிய பிறகு கூடுகை பக்கத்துப் பாம்ப்டனுக்கு மாறியது. கோடை வறண்டு ஏரி நீர் இறங்கும்போது மார்டேலின் கல்சுவர்களும் சிறிய பாலமும் இப்போதும் வெளியே தெரியும்.

ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த வேட்டைநாய்களும் இவைதானா?

இல்லை. ஊட்டி வேட்டைக் கழகம் இங்கிலாந்திலிருந்து தருவித்தவை, இரண்டாவது பதிலில் சொன்ன சமவெளி ஃபாக்ஸ்ஹவுண்டுகள். வென்லாக் டவுன்ஸ் புல்வெளிகளில் குதிரைமேல் ஏறி அவர்கள் துரத்தியது செந்நரியை அல்ல, நம் பொன்னரியை. ஊட்டியின் குளிர் அந்த நாய்களுக்கு ஒத்துவந்தது. அடிவாரத்து வெயிலை அவை தாங்காது. இரண்டும் மலை என்பதைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை.

இந்த நாய்களுக்குப் பதிவுச் சான்று, வம்சாவளி எல்லாம் உண்டா?

வம்சாவளி உண்டு, ஆனால் அதைத் தாளில் தேடுவதைவிட ஆட்களிடம் கேட்பது மேல். தாய், பாட்டி, பூட்டி எந்தக் கூட்டத்தில் ஓடியது, எந்தக் குளிர்காலத்தில் எந்த நரியை எங்கிருந்து எங்கே துரத்தியது என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் இருந்தார்கள். நல்ல ஆண் நாய் இருந்தால் ஒரு கூட்டம் மற்றக் கூட்டத்துக்குக் கொடுத்து உதவும். அழகுக்காக யாரும் நாயைத் தேர்ந்தெடுக்கவில்லை. அப்படியிருந்தும் நான் பார்த்த நாய்களில் மிக அழகானவை இவைதாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது வேட்டை நடக்கிறதா?

பழைய முறையில் நடக்க முடியாது. 2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரி 18 அன்று நடைமுறைக்கு வந்ததும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்க்கூட்டத்தை வைத்து நரியைத் துரத்துவது குற்றமானது. அதன் பின் கூட்டங்கள் செயற்கையாக இட்ட வாடையைத் தொடர்வதற்கு மாறின. அதற்கு முன்பே ஒரு பெரிய அடி விழுந்திருந்தது. 2001இல் கால்நடைகளுக்குப் பரவிய கோமாரி நோயில் மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டம் கம்பிரியா. நடமாட்டத் தடையால் வேட்டை நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் தம் மந்தை முழுவதையும் இழந்தார். அந்தக் கோடையில் டெய்ன்ட்டி வரவில்லை. அடுப்புக்கு முன்னால் அதன் சாக்கு மட்டும் விரித்தபடியே கிடந்தது.

ஒரு பிராணியை நாற்பது நாய்கள் துரத்திக் கொல்வது கொடுமை இல்லையா? அதை எப்படி இத்தனை பாசத்தோடு பேசுகிறீர்கள்?

கொடுமைதான் என்பதை நான் மறுக்கவில்லை. முன்பு சொன்ன பர்ன்ஸ் அறிக்கையே, நாய்கள் துரத்துவது நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்று எழுதியது. அதே அறிக்கை, மற்ற வழிகள் கடினமான மலைப்பகுதிகளில் நாய்கள் இல்லாமல் நரிகளைக் கட்டுப்படுத்துவது எளிதல்ல என்றும் எழுதியது. என்னைக் கேட்டால், பாறைக் குவியலுக்குள் தஞ்சம் புகுந்த நரியைத் தோண்டி எடுத்ததை ஒரு முறை பார்த்த பிறகு, அந்தப் பகுதி நடக்கும்போது நான் கீழே இறங்கி வந்துவிடுவேன். தடை வந்தபோது நான் வருந்தியது வேட்டைக்காக அல்ல.

நாய் தன் வேலையைத் தானே தேர்ந்துகொள்ளவில்லை. மூக்கும் காலும் தன்னறிவும் ஒரு நிலத்துக்கு ஏற்றபடி பல தலைமுறையாகச் செதுக்கப்பட்ட உயிர், அந்த வேலை நின்றதும் என்ன ஆகும் என்ற கவலை வேறு, வேலை சரியா என்ற கேள்வி வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் கேட்கும்போதுதான் என் பாசம் விசித்திரமாகத் தெரிகிறது.

ஹவுண்ட் டிரெயில் பந்தயத்தில் ஓடுவது இதே நாயா?

அந்த நாய்க்கும் வேர் இதுதான்; இப்போது இன்னும் மெலிந்து, வேகத்துக்காகவே வளர்க்கப்படுகிறது. சோம்பு எண்ணெயும் மண்ணெண்ணெயும் தோய்த்த துணிக்கட்டை இரண்டு பேர் நடுவழியிலிருந்து எதிரெதிர்த் திசையில் இழுத்துக்கொண்டு நடந்து, ஏறத்தாழ 10 மைல் வாடைப் பாதையை மலைமேல் இடுவார்கள். நாய்கள் அதை அரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக ஓடி முடிக்கும். 1906இல் இதற்கென்று சங்கம் அமைந்தது. முடிவுக்கோட்டில் சொந்தக்காரர்கள் சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து, விசிலடித்துத் தங்கள் நாயின் பெயரைக் கத்துவார்கள். கொலை இல்லாமல் இந்த நாயின் திறமையைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்.

ஃபெல் ஹவுண்ட் குட்டி ஒன்று வாங்கி வீட்டில் வளர்க்க முடியுமா?

நம் ஊரில் வேண்டாம். நாள் முழுவதும் ஓடப் பிறந்த நாய்க்கு மாடிவீடும் வெயிலும் தண்டனை. கூட்டத்தோடு வளர்ந்த நாய் தனிமையில் ஊளையிடும். வாடை கிடைத்தால் எந்தக் கூப்பிடலும் அதன் காதில் விழாது.

ஓய்வுபெற்ற வயதில், வளர்ந்த வீட்டுக்கே திரும்புவது சில நாய்களுக்குக் கிடைத்த பேறு. டெய்ன்ட்டிக்கு அது கிடைத்தது. 2004 வசந்தத்தில் வந்தது அக்டோபரில் திரும்பிப் போகவில்லை. நாய்களை அழைத்துப் போக வண்டி வந்த காலையில் மட்டும் எழுந்து வாசல் வரை வந்தது, கொம்புச் சத்தம் ஓயும் வரை காதை நிமிர்த்தி நின்றது, பிறகு உள்ளே போய்த் தன் இடத்தில் படுத்துக்கொண்டது.